பழைய 150 ஏஹெச் பேட்டரியோடு புதுசு ஒன்றைப் பேரலலில் சேர்த்தால் 8 மணி நேரம் தாங்குமா?

திருத்துறைப்பூண்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 900 விஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) டால் டியூபுலர் பேட்டரி ஒன்று இருக்கிறது. வாங்கி மூன்றரை வருஷம் ஆகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரண்டை நிறுத்தினால் சாயங்காலம் 5 மணிக்குத்தான் வரும். முன்பெல்லாம் மதியம் ஒன்றரை வரை ஓடும், போன மாதம் 12:30க்கே பீப் அடித்து நின்றுவிட்டது.

வெறும் புழுக்கம் என்றால் திண்ணையில் உட்கார்ந்து சமாளித்துவிடுவோம். அம்மா ஏழு மாதமாகப் படுத்த படுக்கை. முதுகில் புண் வராமல் இருக்க ஏர் பெட் போட்டிருக்கிறோம், அதன் பம்ப் நின்றால் கொஞ்ச நேரத்தில் மெத்தை தொய்ந்து அம்மாவின் இடுப்பு கட்டில் பலகையைத் தொட்டுவிடுகிறது. அன்று 5 மணி வரை நானும் மனைவியும் தலையணைகளை மாற்றி மாற்றி அண்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது.

பேட்டரி கடையில் கேட்டேன். "இதே 150 ஏஹெச் புதுசு ஒன்றைப் பேரலலில் போட்டுவிடுங்கள், நேரம் அப்படியே இரண்டு மடங்கு" என்கிறார்கள், 16,000 ரூபாய்க்குப் பக்கம் வரும். பக்கத்து வீட்டு மாமா பழசோடு புதுசைச் சேர்க்காதே என்கிறார். மாமனார் வீட்டில் டிராக்டர் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது, அதுவும் 12 வோல்ட்தான், அதைச் சேர்த்தால் செலவே இல்லையே என்று எனக்கு ஒரு யோசனை. எது சரி? ஓடுவது 3 சீலிங் ஃபேன், 4 எல்இடி பல்பு, மோடம், அம்மாவின் ஏர் பெட் பம்ப். அவ்வளவுதான்.

ஒயர்மேன்_தஞ்சை:

தம்பி, முதலில் டிராக்டர் பேட்டரி யோசனையை விட்டுவிடுங்கள். அது செல்ஃப் எடுக்க மட்டும் செய்தது. பிளேட் மெல்லிசு, சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுக்கும், உடனே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். அதை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் சில மாதத்திலேயே பிளேட் கொட்டிப்போகும். டியூபுலரின் பிளேட் தடிமன், ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே செய்தது. இரண்டும் 12 வோல்ட் என்பதால் ஒரே ஜோடி ஆகிவிடாது.

பேரலல் என்றால் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ். வோல்ட் 12லேயே நிற்கும், ஏஹெச் கூடும், 150ம் 150ம் 300. தப்பித்தவறி ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு மாட்டினால் அது சீரியல், 24 வோல்ட் ஆகிவிடும், 12 வோல்ட் இன்வெர்ட்டர் அதோடு முடிந்தது. இதைச் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு.

கடைக்காரர் சொன்ன இரண்டு மடங்கு கணக்கைப் பார்ப்போம். ஃபேன் ஒன்று 75 வாட், மூன்றுக்கு 225. பல்பு 9 வீதம் 36. மோடம் 10, பம்ப் 8. மொத்தம் 279 வாட். இன்வெர்ட்டரிலேயே ஐந்தில் ஒரு பங்கு வீணாகும், அதனால் பேட்டரி கொடுக்க வேண்டியது 350 வாட், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 29 ஆம்ப். 150ஐ 29ஆல் வகுத்து 5 மணி நேரம் வரும் என்று நினைப்போம். வராது. மேலே அச்சிட்டிருக்கும் 150 என்பது 20 மணி நேரக் கணக்கு, அதாவது ஏழரை ஆம்ப் வீதம் இழுத்தால்தான் 150. 29 ஆம்ப் இழுத்தால் புது பேட்டரியே 120தான் தரும், நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்களுடையது மூன்றரை மணி நேரம் ஓடியிருக்கிறது, வயசுக்கு அது மோசமில்லை.

இப்போது இரண்டு புது பேட்டரி போட்டால் ஒவ்வொன்றும் பதினாலரை ஆம்ப்தான் கொடுக்கிறது. மெதுவாக இழுப்பதால் ஒவ்வொன்றும் 135 வரை தரும், சேர்த்து 270, ஒன்பது மணி நேரத்துக்கு மேல். இரண்டு மடங்கையும் தாண்டுகிறது பாருங்கள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது ஒரே நாளில் வாங்கிய, ஒரே கம்பெனி, ஒரே மாடல் பேட்டரி இரண்டுக்குத்தான் பொருந்தும். மூன்றரை வருஷத்துப் பழசோடு சேர்த்தால் ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கும். பழசு சீக்கிரம் இறங்கும், புதுசு அதையும் சேர்த்து இழுக்கும். சார்ஜ் ஏறும்போதும் ஒன்றுக்குப் போதாது, மற்றதற்கு அதிகம். ஒரு வருஷத்தில் புதுசுக்கும் பழசின் வயசு வந்துவிடும். 16,000 ரூபாயை அதற்காகவா கொடுப்பது?

சார்ஜிங்கையும் யாரும் யோசிப்பதில்லை. உங்கள் இன்வெர்ட்டர் அநேகமாக 12 ஆம்ப் சுற்றுவட்டத்தில்தான் சார்ஜ் செய்யும். ஒரு பேட்டரி காலியானால் இரவோடு இரவாக நிரம்பிவிடும். இரண்டும் காலியானால் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். மாதம் ஒரு நாள் கரண்ட் கட்டுக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டு என்று உங்களுக்குத் தெரியும். அப்போது ஜெனரேட்டர் வைத்து நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் சார்ஜ் ஏற்றிய வீடுகளில், இரண்டு பேட்டரி வைத்திருந்தவர்களுக்கு இரண்டுமே அரைகுறையாகவே கிடந்தன. அரைகுறையாகக் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகப் படியும், பிறகு முழுசாக ஏற்றினாலும் பழைய சத்து திரும்பாது.

எதையும் வாங்கும் முன் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். முழுசாகச் சார்ஜ் ஆனதும் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்து இங்கே எழுதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், ஆசிட் ஒரு சொட்டு போதும்.

வடமராட்சி:

அண்ணை சொன்னது முழுக்கச் சரி, நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். பெற்றரி விலை அப்போது கேட்கவே பயமாக இருந்தது. என்னிடம் புதுசு ஒன்று இருந்தது, நண்பர் ஒருவர் தன் பழையதைத் தந்தார். மீற்றர் வைத்துப் பார்க்காமல் இரண்டையும் அப்படியே பேரலலில் போட்டேன். கடைசி வயரை வைக்கும்போதே நல்ல பெரிய பொறி ஒன்று பறந்தது. சாதாரணம்தானே என்று இறுக்கிவிட்டுப் போய்விட்டேன்.

விடியப்புறம் மனிசி எழுப்பி, கூழ்முட்டை நாறுது என்றாள். போய்ப் பார்த்தால் பழைய பெற்றரியின் ஒரு பக்கம் கை வைக்க முடியாத சூடு, பெட்டி கொஞ்சம் வீங்கியிருந்தது. அதில் ஒரு செல் ஷோர்ட் ஆகிக் கிடந்திருக்கிறது. ஆறு செல்லில் ஒன்று செத்தால் அது 10 வோல்ட் பெற்றரிதானே, பக்கத்தில் 12.7 வோல்ட்டில் இருக்கும் புதுசு இரவு முழுக்க அதற்குள் கறண்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. நல்ல காலம், யன்னல் திறந்திருந்தது. சார்ஜ் கூடும்போது வருகிற ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். புது பெற்றரியும் அதற்குப் பிறகு பழைய மாதிரி வேலை செய்யவே இல்லை.

ஆகவே தம்பி, இரண்டும் புதுசாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுக்கச் சார்ஜ் செய்து, நாலைந்து மணித்தியாலம் சும்மா விட்டு, மீற்றரில் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் சேருங்கள். ஒவ்வொரு பெற்றரிக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள். அன்றைக்கு இடையில் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் பொறி பறந்த அந்த நேரத்திலேயே அது போயிருக்கும், எனக்கும் விளங்கியிருக்கும்.

கோவை_சோலார்:

தலைவரே, இதை இன்னொரு பக்கமாகப் பாருங்களேன். நீங்கள் கேட்பது பேட்டரியை இரண்டாக்குவது எப்படி என்று. லோடைப் பாதியாக்கினாலும் அதே கணக்குதான் வருகிறது. உங்கள் 279 வாட்டில் 225 ஃபேனுக்கே போகிறது. மூன்றையும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார்) ஃபேனாக மாற்றினால் ஒன்று 30 வாட், மூன்றுக்கும் 90. மொத்தம் 144 வாட், இன்வெர்ட்டர் இழப்போடு 180, பேட்டரியில் 15 ஆம்ப். மேலே அண்ணன் போட்ட கணக்கில் இரண்டு பேட்டரி வைத்தால் ஒவ்வொன்றும் எத்தனை ஆம்ப்? பதினாலரை. ஏறக்குறைய இதேதான்! ஒரே ஒரு நல்ல பேட்டரி 9 மணி நேரம் ஓடும். மெதுவாக இழுத்தால் பேட்டரி அதிகம் தரும் என்பதை 1897லேயே பியூக்கெர்ட் என்ற ஜெர்மானியர் லெட் ஆசிட் பேட்டரியில் அளந்து எழுதிவைத்துவிட்டார். பேட்டரியைக் கூட்டினாலும் லோடைக் குறைத்தாலும் அந்த லாபம் ஒன்றுதான்.

பிஎல்டிசி ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது, மூன்றுக்கும் 9,000. இரண்டாவது பேட்டரியை விட மலிவு, டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டாம், நாலு வருஷத்தில் மாற்ற வேண்டாம், கரண்ட் இருக்கும் நாளிலும் பில் குறையும். உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் பழைய ஃபேன் உறுமுகிற சத்தமும் போய்விடும். பகல் 9 மணிக்கு 4 பல்பு எதற்கு எரிகிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

பேரலல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லோடைக் குறைத்த பிறகும் போதாவிட்டால் அப்போது போடுங்கள். நிறையப் பேர் முதல் படியைத் தாண்டி நேராக இரண்டாவதுக்குப் போவதுதான் எனக்கு வருத்தம்.

செவிலி_மதுரை:

மின்சாரம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. உங்கள் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி. ஏர் பெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், ஏர் பெட் அதற்கு மாற்று இல்லை. இடது, மல்லாந்து, வலது என்று சுவரில் ஒரு தாளில் நேரம் போட்டு ஒட்டிவையுங்கள், யார் வீட்டில் இருந்தாலும் தெரியும். வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு இந்த மூன்று இடத்தையும் தினம் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு போகாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அன்றைக்கு நீங்கள் தலையணையை மாற்றி மாற்றி வைத்தது நல்ல வேலைதான், குதிகாலுக்கும் அப்படிச் செய்யுங்கள்.

திருத்துறைப்பூண்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, தாள் ஒட்டிவிட்டேன், மனைவி அதன் பக்கத்தில் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

நேற்று ஹைட்ரோமீட்டர் வாங்கிவந்து பார்த்தேன். இரவு முழுக்கச் சார்ஜ் ஏறி இருந்தது. முதல் செல்லில் உறிஞ்சியதும் மிதவை மேலே வந்து 1235ல் நின்றது. இரண்டாவது 1230, மூன்றாவது 1235. நாலாவதில் மிதவை எழும்பவே யோசித்தது, 1170. திரும்ப உறிஞ்சிப் பார்த்தேன், அதேதான். ஐந்தாவதும் ஆறாவதும் 1230. நாலாவதில் உறிஞ்சிய தண்ணீரும் கொஞ்சம் பழுப்பாக இருந்தது. அண்ணே, இதற்கு என்ன அர்த்தம்?

ஒயர்மேன்_தஞ்சை:

முழு சார்ஜில் டியூபுலருக்கு 1240 பக்கம் வர வேண்டும். ஐந்து செல் பரவாயில்லை, நாலாவது போய்க்கொண்டிருக்கிறது. பழுப்பு என்பது பாசிட்டிவ் பிளேட்டின் மாவு உதிர்கிறது என்று அர்த்தம். இதன் பக்கத்தில் புது பேட்டரியை வைத்திருந்தால் வடமராட்சித் தம்பிக்கு நடந்ததுதான் சில மாதம் கழித்து உங்கள் வீட்டிலும். எல்லா செல்லையும் சமமாக்கும் ஈக்வலைஸ் சார்ஜ் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் சொல்வது இது. கோவைத் தம்பி சொன்னபடி ஃபேனை முதலில் மாற்றுங்கள். அடுத்த கட்டு நாளில் இந்தப் பேட்டரியே எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள். போதாவிட்டால் இதைப் பழைய பேட்டரி விலைக்குக் கொடுத்துக் கழித்துக்கொண்டு புதுசு ஒன்று வாங்குங்கள்.

பல்லடம்_நெசவு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இரண்டு வருஷம் முன்பு ஒரே நாளில் ஒரே மாடல் 150 ஏஹெச் இரண்டு வாங்கிப் பேரலலில்தான் வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டரின் சிவப்பு, கறுப்பு இரண்டு வயரும் முதல் பேட்டரியில் இருக்கிறது, அங்கிருந்து இரண்டாவதுக்குச் சின்ன வயர் போட்டிருக்கிறார்கள். முதல் பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, இரண்டாவது ஆறு மாதம் ஆனாலும் மிதவை இறங்குவதில்லை. இரண்டாவது நல்ல பேட்டரி, முதலாவது மட்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒயர்மேன்_தஞ்சை:

இல்லை ஐயா, பேட்டரி இரண்டும் நல்லதுதான், ஒயரிங்தான் தப்பு. தயவுசெய்து இந்த வாரமே மாற்றுங்கள்.

போன வருஷம் ஒரு வீட்டில் இதே மாதிரி இருந்ததை டிசி கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்வெர்ட்டர் 28 ஆம்ப் இழுக்கிறது. முதல் பேட்டரி வயரில் மாட்டினால் 20, இரண்டாவதில் 8. நடுவில் போட்டிருந்தது 4 ஸ்கொயர் எம்எம் வயர், வீட்டு ஒயரிங்கில் மிச்சமானது. டியூபுலரின் உள் தடையே சில மில்லி ஓம்தான், அந்த மெல்லிசு வயரும் அதன் முனையில் இருக்கும் லக்கும் சேர்ந்தால் அதற்குச் சமமாக வந்துவிடும். கரண்ட் சுலபமான வழியில்தான் போகும், அதனால் முதல் பேட்டரியே சுமையைத் தூக்குகிறது. முதலாவது இறங்க இறங்க இரண்டாவது கொஞ்சம் கைகொடுக்கும், ஆனாலும் அதற்குள் முதலாவது அடி வாங்கிவிடும். சார்ஜ் ஏறும்போதும் அதே கதை, முதலாவதுக்கு அதிகம் போவதால் அது கொதித்துத் தண்ணீரைக் குடிக்கிறது.

சரி செய்வது சுலபம். இன்வெர்ட்டரின் சிவப்பு முதல் பேட்டரியின் பாசிட்டிவிலேயே இருக்கட்டும். கறுப்பை மட்டும் கழற்றி இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள், குறுக்காக வர வேண்டும். இப்படிச் செய்தால் எந்தப் பேட்டரி வழியாகப் போனாலும் கரண்ட் ஒரே அளவு வயரைக் கடக்கும். நடு வயர் இரண்டும் ஒரே நீளம், 25 ஸ்கொயர் எம்எம் காப்பர், லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்காமல் கிரிம்ப் டூலில் அழுத்தியது. அந்த வீட்டில் இப்படி மாற்றிய பிறகு 14, 14 காட்டியது. அந்த வீட்டு அம்மாவையே கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன்.

வேலை செய்யும்போது இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, மெயின் சப்ளையையும் பிடுங்கிவிடுங்கள். மோதிரம், கைச்செயின் கழற்றுங்கள். ஸ்பானரின் வாய் மட்டும் தெரிய மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஸ்பானர் பாசிட்டிவிலிருந்து நழுவி நெகட்டிவில் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், இரும்பே உருகிச் சிதறும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். முடித்ததும் டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

நாகை_மாணவன்:

லித்தியம் பேட்டரி ஒன்றைப் பழைய டியூபுலரோடு சேர்க்கலாமா அண்ணா?

கோவை_சோலார்:

கூடவே கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் பக்கம் நிற்கும், லெட் ஆசிட் 12.7. இரண்டையும் இணைத்தால் லித்தியம் டியூபுலருக்குள் வடிந்துகொண்டே இருக்கும். லித்தியத்தோடு லித்தியம் என்றால், உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) அதை அனுமதிக்கிறதா என்று கையேட்டில் பார்த்து, இரண்டையும் முழுசாக ஏற்றிவிட்டுச் சேர்க்கலாம்.

திருத்துறைப்பூண்டிக்காரன்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மூன்று ஃபேனையும் மாற்றினேன். முதல் கட்டு நாளில் பழைய பேட்டரி மதியம் 3:10 வரை இழுத்தது, 12:30லிருந்து 3:10. நாலாவது செல்லை மறுபடி பார்த்தேன், 1140க்கு இறங்கிவிட்டது. அதைக் கொடுத்துவிட்டுப் புது 150 ஏஹெச் ஒன்றே ஒன்று வாங்கினேன். 50 கிலோவுக்கு மேல் இருக்கும், கடைப் பையன்கள் இரண்டு பேர் தூக்கிவந்து டிராலியில் வைத்தார்கள்.

நேற்று இங்கே கட்டு. பல்பு எதையும் போடவில்லை. 4:50க்கு மீட்டர் வைத்தேன், ஃபேன் எல்லாம் ஓடும்போதே 11.9 வோல்ட். ஏர் பெட் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மனைவி தாளில் 4 மணிக் கட்டத்தில் 'வலது' என்று எழுதியிருந்தாள், அம்மா அப்படியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வந்தபோது 5:20.

அண்ணே, இனி மழைக்காலம் வரப்போகிறது. புயல் வந்தால் நாலைந்து நாள் ஆகலாம், அதற்கு இன்னொரு பேட்டரி வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்கிவிட வேண்டுமா? இது வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது.

ஒயர்மேன்_தஞ்சை:

வாங்குவதென்றால் இப்போதே, அதே மாடல், முடிந்தால் அதே மாதம் தயாரானது. ஆறு மாதம் தள்ளிப் போட்டால் அப்புறம் ஜோடி சேராது. ஆனால் நாலு நாள் கரண்ட் இல்லாமல் போனால் இரண்டு பேட்டரி இருந்தும் இரண்டாம் நாளோடு காலி, ஏற்ற வழி வேண்டுமே. என்னிடம் கேட்டால் அந்தப் பணத்தில் மொட்டை மாடியில் ஒரு சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் போடுங்கள் என்பேன். உங்கள் கூரை எந்தப் பக்கம் பார்க்கிறது, தென்னை நிழல் விழுமா என்று எழுதுங்கள், எத்தனை வாட் பேனல் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.